காரணம் கூறாத கடிதம்

(வன்னிக் கமக்காரரும் பல்வேறு தொழில்துறையினரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)

  

வங்கிக் கணக்கைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் நம்மைக் கேட்டனர். மொழியுரிமையும் நிலவுரிமையும் பேசும் மேடையில், ஒருவனுடைய சட்டைப்பைக்குள் அடங்கும் சங்கதிக்கு இடம் எதற்கு என்பது அவர்தம் கேள்வி. சட்டைப்பைக்குள் அடங்கிய காலம் போய்விட்டது என்பதே எமது மறுமொழி. அரசாங்கம் குடிமகனுக்குக் கொடுப்பதை இன்று வங்கி வழியாகவே கொடுக்கின்றது. 2023 யூலையில் தொடங்கிய அஸ்வெசும உதவிப்பணம் வங்கிக் கணக்கிலேயே விழுகின்றது. 2024இன் பெரும்போகத்துக்கென ஹெக்டயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்ட உரமானியம், மூடையாக அன்று, பணமாக, நெற்செய்கையாளரின் கணக்கிலே வைப்பிலிடப்பட்டது. ஆசிரியரின் சம்பளம், முதியவரின் ஓய்வூதியம், இலண்டனிலும் தொறன்ரோவிலும் உழைக்கும் பிள்ளை பெற்றோருக்கு அனுப்பும் காசு, நெல் வியாபாரி தரும் காசோலை ஆகிய யாவும் அந்த ஒரே வாயிலாலேயே வீட்டுக்குள் வருகின்றன. அவ்வாயிலைக் காத்து நிற்பவன் அதனை நினைத்த நேரத்தில், யாதொரு காரணமும் கூறாது, அடைத்துவிடலாம் என்றால், அஃது ஒரு தனிமனிதனின் சங்கதி ஆகுமா?

இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் செய்யும் கமக்காரர் ஒருவருக்கு வந்த கடிதத்தை நாம் பார்த்தோம். மூன்றே வரிகள். அவையும் ஆங்கிலத்தில். பதினான்கு நாட்களின் பின்னர் உமது கணக்கு மூடப்படும். மீதிப் பணத்தைப் பெற்றுக்கொள்க. இத்தீர்மானம் பற்றி மேற்கொண்டு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளப்படமாட்டாது. இவ்வளவுதான் செய்தி. அயல்வீட்டு ஆசிரியர் ஒருவர் அதனைப் படித்துப் பொருள் சொன்னார். கமக்காரர் கிளை முகாமையாளரிடம் சென்று, "ஐயா, நான் என்ன பிழை செய்தேன்?" என்று கேட்டார். "எனக்கும் தெரியாது அண்ணை. கொழும்பிலிருந்து வந்த உத்தரவு" என்றார் முகாமையாளர். அவர் பொய் சொல்லவில்லை என்றே நாம் நம்புகின்றோம். ஒரு வாரத்துக்குள் ஊரிலே கதை பிறந்துவிட்டது. நெருப்பில்லாமற் புகையுமா என்றார்கள். வெளிநாட்டுக் காசு ஏதோ வந்திருக்கவேண்டும் என்றார்கள். கணக்கு மூடப்பட்டதோடு, நாற்பது ஆண்டுகளாக அம்மனிதர் தேடி வைத்திருந்த நாணயமும் சந்தி தோறும் விலைபேசப்பட்டது.

அக்கணக்கில் நிகழ்ந்தது யாது? அறுவடைக் காலத்தில் பாரவூர்திகளுடன் வந்த வெளியூர் வியாபாரிகள், நெல்லுக்கான பணத்தைத் தத்தம் ஊர்க் கிளைகளிலிருந்து அதில் இட்டார்கள். மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்த கணக்கிலே இரண்டு வாரத்துக்குள் பெருந்தொகை வந்து சேர்ந்தது. வந்த வேகத்திலேயே அறுவடை இயந்திர வாடகைக்கும் கூலிக்கும் உரக்கடை நிலுவைக்குமாக வெளியேறிற்று. காலபோகம் என்றால் என்ன, சிறுபோகம் என்றால் என்ன என்று அறியாத ஒரு கணினிக்கு இது கள்ளப்பணத்தின் நடமாட்டமாகத் தோன்றியிருத்தல் கூடும். இஃது எமது ஊகம். வங்கி எதையும் சொல்லவில்லை. ஊகிக்கும் நிலைக்கு எம்மை விட்டதே எமது முறைப்பாடு.

இனிச் சட்டத்துக்கு வருவோம். எமது நாட்டின் சட்டம் பல நாட்டுச் சரக்குகளை ஒரே பானையிலிட்டுச் சமைத்த கூழ். யாழ்ப்பாணத்தவரின் முதுசத்துக்குத் தேசவழமை; பொதுவான ஒப்பந்தங்களுக்கு ரோமன்-டச்சுச் சட்டம்; வங்கித் தொழிலுக்கோ ஆங்கிலச் சட்டம். வங்கிகள் பற்றிய பிணக்குகளில், இந்நாட்டுச் சட்டம் வேறுவிதமாகக் கூறாதவிடத்து, அதே காலத்தில் இங்கிலாந்தில் வழங்கும் சட்டமே இங்கும் வழங்கவேண்டும் என 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. ஆகவே இரணைமடுக் கமக்காரரின் உரிமையை நாம் இலண்டன் மாநகரத் தீர்ப்புகளிலே தேடவேண்டியவர்களாயிருக்கின்றோம்.

அங்கே தேடினால் முதலிற் கிடைப்பது 1848இல் பிரபுக்கள் சபை கூறிய தீர்ப்பு. வங்கியில் இட்ட பணம், ஒருவர் வீட்டுப் பெட்டியில் பாதுகாப்புக்காக வைத்த நகையைப் போன்றதன்று. அது வங்கிக்கு வாடிக்கையாளன் கொடுத்த கடன் என்றது அச்சபை. சற்றே எண்ணிப் பாருங்கள்! கண்ணாடிக் கதவுக்கு அப்பால் குளிரூட்டிய அறையில் இருப்பவர் கடனாளி. வெளியே துண்டை இடுப்பிற் கட்டி நிற்பவர் கடன்கொடுத்தவர். கடனாளியிடம் காரணம் கேட்கக் கடன்கொடுத்தவன் கூசும் காட்சியை வங்கிக் கிளைகளிலன்றி வேறெங்கும் நாம் கண்டதில்லை.

அடுத்தது, 1921இல் தீர்க்கப்பட்ட ஜோக்கிம்சன் வழக்கு. நியாயமான முன்னறிவித்தல் கொடுக்காமல் வங்கி தன் வாடிக்கையாளனுடனான தொடர்பை அறுத்துக்கொள்ள முடியாது என்று அற்கின் நீதியரசர் அதிலே வகுத்துரைத்தார். நியாயமான முன்னறிவித்தல் என்றால் எத்தனை நாள்? 1923இல் லொயிட்ஸ் வங்கிக்கு எதிரான வழக்கொன்றில் இக்கேள்வி எழுந்தது. ஒரு கொம்பனியின் கணக்கை மூட அவ்வங்கி ஒரு மாத அவகாசம் கொடுத்தது. அக்கொம்பனியின் அலுவல் பல இடங்களிலும் பரந்தது என்பதை வங்கி முன்னரே அறிந்திருந்தது. ஆகவே ஒரு மாதம் போதாது என்றார் நீதிபதி. கால அளவு கணக்கின் தன்மையைப் பொறுத்தது என்பதே அத்தீர்ப்பின் சாரம். மாதம் ஒருமுறை ஓய்வூதியம் எடுக்கும் ஒருவருக்கு ஒரு மாதம் போதுமாயிருக்கலாம். விதைப்புக் கடனும் உரமானியமும் நெல் விற்ற காசும் ஒரே கணக்கிற் பிணைந்து கிடக்கும் கமக்காரருக்கு, போகத்தின் நடுவே பதினான்கு நாள் எவ்வாறு நியாயமாகும்? இவ்வாதத்தை எந்த நீதிமன்றத்திலும் எடுத்துரைக்க நாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.

ஆனால் அதே 1923ஆம் ஆண்டுத் தீர்ப்பின் மறுபக்கத்தையும் உங்களுக்கு மறைக்கமாட்டோம். அவகாசம் போதாது என்று கூறிய நீதிபதி, கணக்கைத் தொடர்ந்து நடத்துமாறு வங்கிக்குக் கட்டளையிட மறுத்துவிட்டார். பிற்காலத்து நிலை இன்னும் கடுமையானது. ஜமேக்கா நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில், ஒப்பந்தமோ நியதிச் சட்டமோ தடுக்காதவிடத்து வங்கி நியாயமான முன்னறிவித்தலுடன் கணக்கை மூடலாம் என்று 2009இல் கோமறைக் கழகம் தீர்த்தது. எமது ரோமன்-டச்சுச் சட்டத்துக்கு உடன்பிறப்பான சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவிலும் 2010இல் உயர்நிலை மேன்முறையீட்டு மன்றம் பிரெடென்காம்ப் வழக்கில் அதே முடிவுக்கு வந்தது. நீதிமன்றத்துக்குப் போனால் கணக்குத் திரும்பக் கிடைத்துவிடும் என்று உங்களுக்கு ஆசைகாட்டும் சட்டத்தரணி எவரேனும் இருந்தால், அவரிடம் இவ்விரு தீர்ப்புகளையும் பற்றிக் கேளுங்கள்.

ஆக, முன்னறிவித்தல் பெறும் உரிமை எமக்குண்டு. கணக்கிலுள்ள பணத்தைச் சதம் குறையாமற் பெறும் உரிமையும் உண்டு. வங்கிக்கு நாம் கொடுக்கவேண்டிய கடன் இருந்தால் மாத்திரம் அதனைக் கழிக்கும் உரிமை வங்கிக்கிருக்கும். காரணம் அறியும் உரிமையை மட்டும் பழைய தீர்ப்புகள் எமக்குத் தரவில்லை.

காரணத்தை ஏன் மறைக்கின்றார்கள்? 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தை வங்கியாளர் சுட்டுவர். சந்தேகத்துக்குரிய கொடுக்கல்வாங்கலை மத்திய வங்கியிலுள்ள நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கவேண்டும். அறிவித்த செய்தியை வாடிக்கையாளனுக்கு வெளியிடலாகாது. அச்சட்டத்தை நாம் குறைகூற வரவில்லை. போதைப்பொருள் விற்பவனுடைய பணத்துக்கு நாம் வக்காலத்து வாங்குவோமல்லோம். அப்பொருளால் அழிவன எமது பிள்ளைகளே. ஆனால் அறிக்கை பற்றிய செய்தியை வெளியிடலாகாது என்ற விதி ஒன்று. எக்காரணத்தையும் எவருக்கும் சொல்லத் தேவையில்லை என்ற வழக்கம் வேறொன்று. அடையாள அட்டைப் பிரதி பழையது என்பதாலும், முகவரி மாறியது என்பதாலும், தொழில் பற்றிய படிவம் நிரப்பப்படவில்லை என்பதாலும் வங்கிகள் கணக்குகளை நிறுத்துகின்றன. இவற்றைச் சொல்வதால் எந்தப் புலன்விசாரணை கெடும்? மேலும் ஒன்று: பத்து இலட்சம் ரூபாவும் அதற்கு மேலுமான காசுக் கொடுக்கல்வாங்கல்கள் எல்லாமே வழமையாக அறிக்கையிடப்படுகின்றன. உங்கள் வைப்பு அறிக்கையிடப்பட்டது என்பதனால் நீங்கள் குற்றவாளியாகிவிடவில்லை. இதைக் கேட்டு அஞ்சிப் பணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வைப்பிலிடாதீர்கள். அப்படிச் செய்வதுதான் உண்மையான சந்தேகத்தை வரவழைக்கும்.

தமிழ் மக்களுக்கு இவ்விடத்தில் வேறொரு நோவும் உண்டு. கணக்கு மூடப்படுதல் வேறு, முடக்கப்படுதல் வேறு. 2012ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதிகளின் கீழ் வர்த்தமானியிற் பெயர் குறிக்கப்பட்டவரின் பணம் முடக்கப்படும். 2014 மார்ச்சில் 16 அமைப்புகளும் 424 தனியாட்களும் அவ்வாறு பெயர் குறிக்கப்பட்டனர். 2015இல் பலரின் பெயர் நீக்கப்பட்டது. 2021இல் மீண்டும் பலர் சேர்க்கப்பட்டனர். 2022இல் மீண்டும் பலர் நீக்கப்பட்டனர். ஆட்சி மாற மாற ஏறியும் இறங்கியும் வந்த இப்பட்டியலை ஒவ்வொரு வங்கியின் கணினியும் வாடிக்கையாளர் பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றது. எமது பெயர்களின் இயல்பு உங்களுக்குத் தெரியும். எமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரும் தன் பெயருமே. ஒரே ஊரில் ஐந்து சிவகுமார்கள் இருப்பர். அதே சிவகுமாரைப் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் இன்னொருவிதமாகவும், கடவுச்சீட்டில் வேறொருவிதமாகவும் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்திருப்பர். ஆளை அறியாமல் எழுத்தை மட்டும் ஒப்பிடும் இயந்திரத்தின் முன் குற்றமற்றவன் நிற்கும்போது, காரணம் சொல்லப்பட்டாலன்றி அவன் தன்னை எவ்வாறு விடுவித்துக்கொள்வான்? "அந்தச் சிவகுமார் நானல்லேன்" என்று சொல்வதற்காவது, எந்தச் சிவகுமாரென நீங்கள் நினைத்தீர்கள் என்று அவனுக்குத் தெரியவேண்டாமா?

போரினால் சிதறிய குடும்பங்களுக்கு உரிய இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்வோம். பத்து ஆண்டுகள் அசைவற்றுக் கிடந்த கணக்கைக் கைவிடப்பட்ட ஆதனமாகக் கருதி, அதன் பணத்தை மத்திய வங்கிக்கு மாற்ற 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டம் வழிசெய்கின்றது. அறிவித்தல் அனுப்பப்படும் முகவரியோ, ஷெல் விழுந்து கூரையற்றுப் போன வீட்டினது! பணம் அழிந்துவிடவில்லை. உரித்தாளரும் வழியுரிமையாளரும் சான்று காட்டி, வங்கி மூலமாக அதனை மீளக் கோரலாம். பழைய வைப்புப் புத்தகம் எவர் வீட்டிலேனும் இருந்தால் தேடி எடுங்கள்.

இனி, காரணம் அறியும் உரிமையை வெல்ல முடியாதா? பிரித்தானியாவைப் பாருங்கள். அங்கே 2016-17இல் ஏறக்குறைய 45,000 ஆக இருந்த வங்கிக் கணக்கு மூடல்கள் 2021-22இல் 343,000ஐ மேவின. ஏழைகளின் கணக்கும் தொண்டு நிறுவனங்களின் கணக்கும் மூடப்பட்டபோது எவரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. 2023இல் நைஜல் பராஜ் என்ற அரசியல்வாதியின் கணக்கைக் கூட்ஸ் வங்கி மூடியது. பணம் போதாமையே காரணம் என்ற பேச்சு முதலில் அடிபட்டது. தம்மைப் பற்றி வங்கி வைத்திருக்கும் பதிவுகளைத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவர் கேட்டுப் பெற்றார். அவருடைய அரசியற் கருத்துகளையும் வங்கி நிறுத்துப் பார்த்திருந்தது அப்பதிவுகளால் வெளியாயிற்று. தாய் வங்கியான நற்வெஸ்டின் தலைமை நிருவாகி, அவருடைய கணக்கைப் பற்றிச் செய்தியாளர் ஒருவருடன் பேசியதை ஒப்புக்கொண்டு யூலையில் பதவி துறந்தார். பராஜ் புகலிடம் தேடிச் செல்வோருக்கு நண்பரல்லர். அவருடைய அரசியலுக்கும் எமது அரசியலுக்கும் வெகுதூரம். எனினும் அவர் தட்டிய கதவு மற்றோருக்கும் திறந்தது. 2025இல் அந்நாட்டில் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள், 2026 ஏப்ரல் 28 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை, கணக்கை மூடுவதற்கு 90 நாள் முன்னறிவித்தலும் எழுத்துமூலக் காரணமும் கொடுக்கவேண்டும் என விதித்தன. குற்றச்செயல் பற்றிய சந்தேகத்துக்கு விதிவிலக்கும் வைத்தன. ஆங்கிலச் சட்டத்தை 1852 முதல் இரவல் வாங்கி வரும் நாம், இதையும் இரவல் வாங்கினால் என்ன குறைந்துவிடும்? ஆனால் இந்த இரவல் தானாக வராது. பிரித்தானியாவின் நியதிச் சட்டம் எமக்குரியதன்று. எமது பாராளுமன்றமே அதனை ஆக்கவேண்டும். வடக்குக் கிழக்கிலிருந்து தெரிவான உறுப்பினர்கள், கட்சி வேறுபாடின்றி, இதைத் தனியார் சட்டமூலமாகவேனும் கொண்டுவரவேண்டும் என்று நாம் கேட்கின்றோம். இதிற் சிங்கள விவசாயியும் முஸ்லிம் வியாபாரியும் எம்மோடு நிற்பர். பொலன்னறுவைக் கமக்காரனுக்கும் நெல் விற்ற காசு இரண்டு வாரத்திலேயே வருகின்றது.

சட்டம் வரும்வரை கையைக் கட்டியிருக்க வேண்டியதில்லை. கணக்கு அரசாங்க வங்கியில் இருந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் உங்கள் கையிலிருக்கும் மண்வெட்டி. அரச வங்கி ஒரு பகிரங்க அதிகாரசபை. அதன் அலுவலர் செய்த தீர்மானத்தாற் பாதிக்கப்பட்ட குடிமகன் எழுத்துமூலம் கேட்டால், காரணத்தை எழுத்திலே கொடுக்கவேண்டும் என அச்சட்டத்தின் 35ஆம் பிரிவு கூறுகின்றது. இப்பிரிவைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு என்பது எமது அனுபவம். இன்றுள்ள சட்டத்தரணிகள் தயவுசெய்து இதனைக் குறித்துக்கொள்க. அரச வங்கியின் செயல் நிருவாகச் செயலாகுமா என்பது வாதத்துக்குரியது. ஆகும் என்று வாதிட்டு, சமத்துவ உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் செல்ல எண்ணுவோர், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாத எல்லை இட்டிருப்பதை மறவாதிருக்க. தனியார் வங்கியானால் அவ்வழிகள் இல்லை. அங்கே, கணக்குத் திறந்தபோது நீங்கள் படியாமற் கையெழுத்திட்ட படிவமே முதற் சாட்சி. முன்னறிவித்தலின்றி எந்நேரமும் மூடலாம் என்று அதில் இருந்தால், 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டத்தைக் கொண்டு அதனை எதிர்த்து வாதிக்க இடமுண்டு.

கடிதம் வந்தவுடன் முகாமையாளரிடம் ஓடிக் கெஞ்சுவதை விட்டு, எழுத்திலே கேளுங்கள். தமிழிலே எழுதுங்கள், மறுமொழியையும் தமிழிலே கேளுங்கள். எத்திகதியில், எவருடைய தீர்மானத்தால், ஒப்பந்தத்தின் எந்த வாசகத்தின் கீழ் மூடப்படுகின்றது, என்ன ஆவணம் குறைவாக இருந்தது என்று கேளுங்கள். கைக்கு வராத காசோலைகளையும், வரவிருக்கும் மானியத்தையும் குறிப்பிட்டு, மூன்று மாத அவகாசம் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நெல் விற்ற பற்றுச்சீட்டு, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், கமநல சேவை நிலையத்தின் பதிவு ஆகியவற்றின் பிரதியை இணையுங்கள். மீதிப் பணத்தைப் பெறும்போது "உரிமைகளுக்குப் பங்கமின்றிப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதியே கையெழுத்திடுங்கள். வேறு வங்கியில் கணக்குத் திறந்த அன்றே புதிய இலக்கத்தைக் கமநல சேவை நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொடுத்துவிடுங்கள். கணக்கு மூடப்பட்டாலும் கடன் மூடப்படுவதில்லை என்பதையும் நினைவில் வைத்திருங்கள். தவணைப் பணம் கணக்கிலிருந்து தானாகக் கழிவது நின்றுவிடும். கட்டத் தவறினால் கடன் தகவற் பணியகத்தில் உங்கள் பெயர் கறுத்துவிடும். கிளைக்குச் சென்று கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

வங்கி மறுமொழி தராவிட்டால், 2003 முதல் இயங்கிவரும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புத் திணைக்களத்துக்கும் எழுதலாம். அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, வங்கிக்கு எழுதினீரா என்பதே. எழுதிய கடிதத்தின் பிரதி இல்லாதவனின் முறைப்பாடு அங்கேயே நின்றுவிடும்.

கூட்டம் முடிந்தபின் நாமும் எமது தோழர்களும் இங்கேயே இருப்போம். இவ்வாறான கடிதம் பெற்றவர்கள் அதைக் கொண்டுவந்து காட்டலாம், பெயர் வெளியிடமாட்டோம். எத்தனை பேருக்கு, எத்தனை நாள் அவகாசத்தில், எந்த மொழியில் கடிதம் வந்தது என்ற கணக்கைத் திரட்டிப் பாராளுமன்ற உறுப்பினரின் கையிற் கொடுக்கவேண்டியிருக்கின்றது. கடிதத்தை மட்டுமன்றி அது வந்த உறையையும் கொண்டுவாருங்கள். கடிதத்தின் திகதிக்கும் தபால் முத்திரையின் திகதிக்கும் இடையே பதினான்கு நாட்களில் ஒன்பது நாட்கள் கழிந்துபோனதை அந்தக் கமக்காரரின் உறையிலேதான் நாம் கண்டோம்.